பன்றித்தோல் பிரபு

— சத்தமா? காற்று, டாக்டரம்மா, வெறும் காற்று. இடிந்த கோட்டைக்குள் புகுந்தால் அது அப்படித்தான் உறுமும். எங்கள் வம்சத்துக் குழந்தைகள் இந்த உறுமலைக் கேட்டுத்தான் தூங்கின.

— காத்து குரைக்குமா, பிரபு?

— குரைத்ததா?

— ரெண்டு தரம். கீழே, அந்தக் கஷ்கொட்டைக் காட்டுக்குள்ள இருந்து. இதோ, இப்போ இன்னொண்ணு.

— நாய்தானே? கவலையை விடுங்கள். நாய்களுக்கு ராஜ ரத்தம் தெரியும். அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் தினமும் விடியற்காலை என் வீட்டு வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். யாரும் கூப்பிடுவதில்லை. தானாக வரும். பார்ப்பவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள்.

— இது உக்காந்திருக்கற நாய் குரைக்கற மாதிரி இல்லையே. ஓடிவர்ற நாய் மாதிரி இருக்கு.

— அப்படியானால் தாங்கள் கொடுத்து வைத்தவர்! நவம்பர் மூடுபனியில் கறுப்புப் பிரபு தன் வேட்டை நாய்களோடு இந்த ரோக்காமோராக் குன்றைச் சுற்றி வருவார். என் முப்பாட்டனாருக்கு முப்பாட்டனார். செத்தும் வேட்டை விடாதவர். உயிரோடு இருப்பவர் எவராவது எதிர்ப்பட்டால்... வேண்டாம், பெண்கள் முன்னால் சொல்லக் கூடாது.

— சொல்ல வேண்டாம், நேத்தே கேட்டுட்டேன். ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கே சாப்பாட்டுக் கடை, அந்தம்மா சொன்னாங்க. போன வருஷத் திருவிழாவுக்கு நீங்க உக்காந்து எழுதின கதையாமே? முதல்ல கறுப்புப் பிரபு கழுதை மேல வந்தாராம், குதிரை வாடகைக்குக் கிடைச்சதும் மாத்திட்டீங்களாம்.

— சட்டி கழுவுகிறவளுக்குச் சரித்திரம் என்ன தெரியும்?

— கஷ்கொட்டை மாவுல ரொட்டி சுடத் தெரியுது. நல்லா இருந்துச்சு.

— டாக்டரம்மா, சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய தாங்கள் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ரொட்டி தின்னவா? இந்தப் பள்ளத்தாக்கிலேயே பெருமைமிக்க மலையூர் எது என்று பார்த்துப் பட்டயம் கொடுக்க வந்திருக்கிறீர்கள். இதோ கோட்டை. இதோ தேவாலயம். சற்று முன் பார்த்தது ஆயுதசாலை. அதன் பின்கட்டு சித்திரவதைக்கூடம். இதோ நான், பிரபு அல்தேரிகோ, இந்த மண்ணின் கடைசி வாரிசு. வேறென்ன வேண்டும்?

— காலைலேருந்து நாலு கோட்டை பாத்துட்டேன், இது அஞ்சாவது. அஞ்சுலயும் வாசல்ல ஒரு கடைசி வாரிசு நின்னாரு.

— மற்ற நால்வரும் போலி! அந்த மோந்தேகுபோக் கோட்டையில் வெல்வெட் தொப்பி போட்டு நின்றவன் யார் தெரியுமா? பல் வைத்தியன்! ஆனால் என் உடம்பில் ஓடுவது...

— குனியுங்க!

— ஐயோ!

— சுவருக்கு இந்தப் பக்கம் வாங்க! இன்னும் குனியுங்க! தோள்ல போத்தியிருக்கீங்களே, அந்தத் தோலை இழுத்துக்கிட்டு வாங்க, வெளிய வால் மாதிரி தொங்குது பாருங்க!

— என்ன அது? இடியா?

— துப்பாக்கி. நீங்க நின்ன எடத்துக்கு மேல கல்லு தெறிச்சுதே, பாக்கலையா?

— கறுப்புப் பிரபு...

— கறுப்புப் பிரபு காலத்துல துப்பாக்கி இருந்துச்சா?

— இல்லை.

— அப்போ இது உயிரோட இருக்கற எவனோ. இன்னிக்கு என்ன கிழமை?

— சனி.

— சனிக்கிழமைன்னா இந்தப் பக்கம் காட்டுப்பன்னி வேட்டைன்னு எனக்கே தெரியும். வர்ற வழியெல்லாம் ஜீப்பு நிக்குது, கூண்டுல நாய் நிக்குது.

— என் குன்றுக்கு வர மாட்டார்கள். தடை போட்டிருக்கிறேன். வேட்டைக் குழுத் தலைவனுக்கு மெழுகு முத்திரை வைத்து ஓலை அனுப்பினேன். 'இன்று ரோக்காமோராவில் எவனும் கால் வைக்கலாகாது.'

— பதில் என்ன வந்துச்சு?

— வரவில்லை. பயபக்தி என்று நினைத்தேன்.

— நின்னா தலை வெளிய தெரியும். உக்காருங்க.

— ஆகட்டும். தாங்களும் உட்காருங்கள். பொறுங்கள், தரை ஈரம். இந்தப் பையில் ஒரு பலகை இருக்கிறது, இதை விரித்துக்கொள்ளலாம்.

— பிளாஸ்டிக் பலகையா? கோட்டைக்குள்ள நவீனம் நுழையக் கூடாதுன்னு சொன்னீங்க?

— அதனால்தானே கழற்றினேன்! காலையில் பாதை முகப்பில், மரத்தில் தொங்கியது. மஞ்சள் பிளாஸ்டிக், டாக்டரம்மா! கோட்டைக்கு ஏறும் பாதையில்! தங்கள் கண்ணில் படுவதற்குள் பையில் போட்டுக்கொண்டேன்.

— எந்திரிங்க. திருப்புங்க அதை.

— எதற்கு?

— பின்னால எழுத்து இருக்கு. படிங்க.

— 'கவனம். காட்டுப்பன்றி விரட்டு வேட்டை நடக்கிறது. உள்ளே நுழையாதீர்.'

— அதுமேலதான் நாம உக்காந்திருந்தோம்.

— வருஷம் பூரா தொங்கும் டாக்டரம்மா! மாட்டத்தான் தெரியும் அவனுங்களுக்கு, கழட்டத் தெரியாது! பழசுன்னு நினைச்சேன்!

— அடுத்த குண்டு. இது கொஞ்சம் தள்ளி. மேற்குப் பக்கம்.

— மேற்கா? நிச்சயமா மேற்கா?

— ஏன், மேற்குல என்ன?

— ஒண்ணுமில்லை.

— பிரபு, முகம் வெளுத்துப் போச்சு. எத்தனை பலகை கழட்டினீங்க?

— ரெண்டு.

— இன்னொண்ணு எங்க இருந்துச்சு?

— மேற்கால. கழுதைப் பாதையில.

— அந்த வழியா யாராவது வர்றாங்களா?

— என் பொண்ணு.

— என்னது?

— மத்தில்தே. என் ஒரே பொண்ணு. மூணு மணிக்கு இந்தத் தேவாலய வாசல்ல உங்களுக்கு வரவேற்புக் கிண்ணம் குடுக்கணும். கோட்டைச் சீமாட்டி மாதிரி கழுதைப் பாதை வழியா, மூடுபனிக்குள்ளேருந்து மெதுவா ஏறி வரணும்னு நான்தான் சொன்னேன். நாலு தடவை ஒத்திகை பாத்தோம். பலகை இல்லைன்னா அவளுக்கு எப்படித் தெரியும், டாக்டரம்மா? அப்பா சொன்னாரேன்னு ஏறி வந்துக்கிட்டிருப்பா.

— என்ன உடுப்புல வர்றா?

— கேக்காதீங்க.

— சொல்லுங்க.

— தோள்ல தோல். தலைமேலயும் தோல். என்னுது மாதிரிதான். கரடித்தோல்னு சொல்லி வித்தான். பன்னி.

— பன்னித்தோல் போத்திக்கிட்டு, மூடுபனியில, பன்னி வேட்டைக்கு நடுவுல.

— நான் என்ன பண்ணுவேன்? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

— முதல்ல அவளைக் கூப்பிடணும். கைபேசி எங்க?

— பட்டுப்பெட்டியில.

— ஆமா. நான் வந்து இறங்கினதும் தலைகுனிஞ்சு வணங்கி, என்னுதையும் அதுல வாங்கிப் போட்டீங்க. பெட்டி?

— கீழ கார்ல. பூட்டிட்டேன்.

— சரி, கத்துவோம். ஏய்! இங்க ஆளுங்க இருக்கோம்! சுடாதீங்க! ஏய்!

— பிரயோஜனமில்லை. விரட்டு வேட்டையில எல்லாரும் கத்திக்கிட்டேதான் இருப்பாங்க. காட்டுக்குள்ள மனுஷக் குரல் கேட்டா நாய்க்காரன் பன்னியை ஓட்டிக்கிட்டு வர்றான்னுதான் நினைப்பாங்க. இன்னும் நல்லா குறி வெப்பாங்க.

— இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் கத்திட்டேனே! அதோ மணி தொங்குதே! அபாயம்னா இந்த மணியை அடிப்போம், பள்ளத்தாக்கே ஏறி வரும்னு அரை மணி முன்னாடி சொன்னீங்களே, அதை அடிங்க!

— அது அடிக்காது.

— கயிறு இருக்கே!

— கயிறு இருக்கு. மணி காகிதக்கூழ்.

— காகிதக்கூழா?

— வெண்கல மணி கீழ ஊர்ல என் வீட்டு வாசல்ல இருக்கு. வர்றவங்க அடிச்சுட்டு உள்ள வரட்டும்னு. திருட்டுப் போயிடக் கூடாதேன்னுதான், டாக்டரம்மா, பாதுகாப்புக்கு!

— சாயம் நல்லா அடிச்சிருக்கீங்க. பாசி பிடிச்ச மாதிரியே இருக்கு. இப்போ அந்தத் தோலைக் கழட்டுங்க.

— இல்லை.

— பிரபு, நீங்க இந்தப் பனியில எப்படித் தெரியறீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. நானே சுட்டுடுவேன் போல இருக்கு. கழட்டுங்க.

— உள்ள பாக்கற மாதிரி இல்லை.

— பொண்ணு உயிரைவிடவா? இழுங்க கையை... இது என்ன? ஆரஞ்சு மேல்சட்டையா? 'அல்தேரிகோ குளியலறைச் சாமான்கள். உட்கார்ந்தால் சிம்மாசனம்.'

— கடைச் சட்டை. குளிருதேன்னு உள்ள போட்டேன்.

— இந்த ஆரஞ்சு நிறம் வேட்டைக்காரங்க உயிருக்குப் பயந்து போட்டுக்கற நிறம்தானே? காலைலேருந்து உங்க உடம்புலயே இருந்திருக்கு, மேல பன்னியைப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க. ஓடுங்க, கழுதைப் பாதை முனையில நின்னு அதைக் கழட்டி ஆட்டுங்க. போங்க!

— போறேன். போறேன். மத்தில்தே! மத்தில்... டாக்டரம்மா.

— ஏன் நின்னுட்டீங்க? போங்களேன்!

— அது கேட்டுச்சா?

— எது? யாரோ 'லே லே'ன்னு கூவுறாங்க. அதுவா?

— மறுபடியும் வருதான்னு கேளுங்க. பேசாதீங்க. கேளுங்க.

— ஹூ... லே! லே! லே-ஹாய்!

— அதோ. கிட்ட வந்துடுச்சு. யாரது?

— நாய்க்காரன். நாயைப் பன்னி மேல ஏவுற குரல் அது.

— நல்லதாப் போச்சு. அந்த ஆள்கிட்ட ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லுங்க.

— முடியாது.

— ஏன்?

— செத்துப் போயிட்டாரு.

— யாரு?

— அந்தக் குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர். பத்தொன்பது வருஷம் ஆச்சு. சவப்பெட்டியோட ஒரு பக்கத்தை நான்தான் தூக்கினேன்.

— உளறாதீங்க. கறுப்புப் பிரபு கதையை நீங்கதானே எழுதினீங்க?

— அதை நான் எழுதினேன். இதை நான் எழுதலை, டாக்டரம்மா.

— கையை விடுங்க, நகம் குத்துது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. யாரோட குரல் அது? சொல்லுங்க.

— எங்கப்பா.

— உங்கப்பா பிரபு இல்லையா?

— நாய்க்காரர்.

— அப்படியா.

— இந்தக் குன்றுல எவன் வேட்டைக்கு வந்தாலும் அவன் நாயைப் பிடிச்சுக்கிட்டு முள்ளுக்குள்ள ஓடினவரு. நாய்க்கார வீடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூவல் உண்டு. அப்பன் பிள்ளைக்குக் குடுக்கறது. வேற எவனும் அதைப் போட மாட்டான், போட்டாலும் நாய் திரும்பிப் பாக்காது. இது எங்க வீட்டுக் கூவல். அவரோட முடிஞ்சு போச்சு. அவருக்குப் பிள்ளை நான் ஒருத்தன்தான், நான்தான் போடலையே! அப்புறம் யாரு கூவறா?

— அப்போ அந்த ஆயுதசாலை?

— எங்க வீடு. ஊரே காலியானப்புறம் கடைசியா இறங்கினவங்க நாங்கதான்.

— சுவத்துல இரும்பு வளையம்? கைதிங்களைக் கட்டிப் போட்டதுன்னு...

— நாய் கட்டறது.

— சித்திரவதைக்கூடம்?

— எங்கம்மா அடுப்படி.

— ஹூ... லே! லே-ஹாய்!

— ஏறி வர்றாரு. வீட்டுக்குத்தான் வர்றாரு, டாக்டரம்மா. அவர் இருக்கற வரைக்கும் நான் பிரபு இல்லை. அவர் போய் மாசம் திரும்பினதும்தான் பிரபு தொப்பி வாங்கினேன். இனிமே 'நீ பிரபு இல்லை'ன்னு சொல்ல ஆளில்லையேன்னு. இப்போ கேக்க வர்றாரு.

— ஆவியோ ஆளோ, துப்பாக்கி நிஜம். உங்க பொண்ணு நிஜம். நாய்ங்க கழுதைப் பாதைப் பக்கம் திரும்புது, காது குடுத்துக் கேளுங்க. இந்த வேட்டையை நிறுத்த ஒரு வழியும் இல்லையா?

— ஒண்ணு இருக்கு.

— என்ன?

— நாய்க்காரன் நாயைத் திருப்பிக் கூப்பிட்டா விரட்டு முடிஞ்சுது. பன்னி கண்ணு முன்னாடி நின்னாலும் சுடக் கூடாது. எல்லாரும் அப்பவே துப்பாக்கியிலேருந்து குண்டை எடுத்துடணும். மீறினா அந்த வருஷம் குழுவிலேயே இடமில்லை.

— அந்தத் திருப்புற கூவல் உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— தெரியாதா?

— மறந்துட்டேன். மறக்கணும்னு மறந்தேன்.

— மத்தில்தே சொன்ன நேரத்துக்குத் தவறாம வர்ற பொண்ணா?

— அஞ்சு நிமிஷம் முன்னாடியே வருவா. எப்பவும். இப்போ ஓடைகிட்ட வந்திருப்பா. பாவாடை நீளம், மிதிச்சு மிதிச்சு வருவா, தலை குனிஞ்சிருக்கும், கறுப்பா, தோலோட... டாக்டரம்மா, காதைப் பொத்திக்கோங்க.

— எதுக்கு?

— பட்டயம் குடுக்கறவங்க காதுல விழக் கூடாத சத்தம்.

— பொத்திட்டேன். போடுங்க.

— ஹூ... ஹூ...

— தொண்டையைச் செருமாதீங்க, பிரபு, போடுங்க!

— ஹூ... தோ! தோ! தோ-ஹாய்! ஹூ... தோ! தோ! தோ-ஹாய்! நிறுத்துங்கடா! குண்டை எடுங்கடா! நாய்க்காரன் மகன் கூப்பிடறேன்! தோ! தோ! தோ-ஹாய்!

— நின்னுடுச்சு.

— என்ன?

— குரைக்கறது. எல்லாம் ஒரே நேரத்துல நின்னுடுச்சு. துப்பாக்கிச் சத்தமும் இல்லை.

— திரும்பிடுச்சுங்க. என் குரலுக்கு... கேக்குதா? இலை சலசலக்குது. மேல வருதுங்க.

— எவ்வளவு வருது! பிரபு, உங்க மேலயே ஏறுது! கடிக்குதா?

— நக்குது. உக்காரு. உக்காரு, தோ. டாக்டரம்மா, இதுங்க கண்ணுக்கு நிஜ நாய் மாதிரியே இருக்கில்ல?

— நாத்தம்கூட நிஜமாத்தான் இருக்கு. அங்க பாருங்க. பனிக்குள்ள, உங்க வீட்டு வாசல்கிட்ட.

— எங்க?

— கையில கம்பு. தலையில தொப்பி. நம்மளைப் பாத்து நடந்து வருது.

— அந்தத் தொப்பி! காது மூடற தொப்பி! அப்பா! அப்பா, மன்னிச்சுடுங்க! வீட்டை ஆயுதசாலைன்னு சொன்னது தப்பு! அம்மா அடுப்படியில பிளாஸ்டிக் மண்டையோடு வெச்சது தப்பு! மணியை நாளைக்கே கொண்டாந்து மாட்டிடறேன்! பேத்தியை விட்டுடுங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவளை விட்டுட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க!

— யாருடா அது என் நாய்ங்களைத் திருப்பினது? அருமையான பன்னி, ஓடை வரைக்கும் ஓட்டியாச்சு, எந்த மடையன்... அப்பா?

— மத்தில்தே?

— நீங்க ஏன்ப்பா கடைச் சட்டையோட மண்டி போட்டிருக்கீங்க?

— நீ... நீ உயிரோட இருக்கியா? அடிபடலையே? சீமாட்டி உடுப்பு எங்க? தோல் எங்க?

— ஜீப்புல மடிச்சு வெச்சிருக்கேன். விரட்டு முடிஞ்சதும் மாத்திக்கிட்டு மூணு மணிக்கு ஏறி வந்துடலாம்னு இருந்தேன். பலகையைப் பாத்தா விரட்டு முடியற வரைக்கும் யாரும் ஏற மாட்டாங்கன்னு இருந்தோம், நீங்க அதைக் கழட்டினா எங்களுக்கு எப்படித் தெரியும், மேல ஆள் இருக்குன்னு? இந்தம்மாதான் பட்டயக்காரங்களா? வணக்கம்மா.

— வணக்கம். நான் எதுவும் கேக்கலை, காதைப் பொத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

— உனக்கு சனிக்கிழமை பியானோ வகுப்புல்ல?

— மூணு வருஷமா இதான்ப்பா வகுப்பு. வாத்தியாரம்மாவும் குழுவுலதான் இருக்காங்க. கிழக்கு முனையில துப்பாக்கியோட நிக்கறாங்க.

— இரு, இரு. தாத்தா தொப்பி எங்கம்மா பரண்ல வெச்சிருந்தது, நீ எடுத்துப் போட்டிருக்கே, சரி. ஆனா அந்தக் கூவல்? தாத்தா போனப்போ நீ தொட்டில்ல கிடந்தே. நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. நம்ம வீட்டுக் கூவலை உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?

— நீங்கதான்ப்பா. ஒரு ராத்திரி விடாம தூக்கத்துல 'லே லே'ன்னு ஏவி, விடியற நேரத்துல 'தோ தோ'ன்னு திருப்பிக் கூப்பிடுவீங்க. அக்கம்பக்கத்து நாயெல்லாம் காலையில நம்ம வாசல்ல வந்து ஏன் உக்காந்திருக்குன்னு நினைச்சீங்க?